இரண்டு நிமிடம் இளையவன்

அம்மா தைலம்மாள் போன சித்திரையில், தொண்ணூற்று மூன்று வயதில் காலமானாள். பாடை கட்டி முடிந்ததும் தாய்மாமன் வீராசாமி கொள்ளிச் சட்டியைக் காட்டி, "பாண்டு, வந்து புடி" என்றார். தம்பி பாண்டுரங்கன் தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு வந்தான்.

எங்கள் பக்கத்தில் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன். நானும் பாண்டுவும் இரட்டை. நான் பதினைந்து நிமிடம் முன்னால் பிறந்தேன். அதை வைத்தே எழுபத்தோரு வருடம் அவனை 'அண்ணா' என்று கூப்பிட வைத்திருக்கிறேன். நைனாவுக்குக் கொள்ளி வைத்ததும் நான்தான்.

"நில்லு மாமா, சட்டி எனக்கு. நான்தான் சின்னவன்" என்றேன்.

ஒப்பாரி நின்றுவிட்டது.

"அரங்கநாதா, இன்னாடா ஒளர்ற?"

நான் உளறுகிறவன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் பஸ் ஓட்டியவன். பாண்டு கோட்டைக் காவல். ராஜகிரி மலை உச்சியிலேயே உட்கார்ந்திருந்தவன். ஓடுகிறவன் கடிகாரம் மெதுவாகப் போகும், வெளிச்சத்தின் வேகத்தை நெருங்க நெருங்க இன்னும் மெதுவாகும். மலைமேல் இருப்பது சற்று வேகமாகப் போகும். இதை எனக்குச் சொன்னவளே பாண்டுவின் மகள் ஷோபனா. பிளஸ் டூவுக்கு இயற்பியல் பாடம் எடுக்கிறாள்.

"நெசந்தான் பெரியப்பா," என்றாள் ஷோபனா. "ஆனா ரெண்டையும் சேர்த்தாலும் ஒரு செகண்டுல லட்சத்துல ஒரு பங்கு வராது."

"அது மத்த நாளுக்கும்மா. எம்பத்தி நாலு வைகாசியில ஒரு ட்ரிப் இருக்குது."

தினமும் பன்னிரண்டரைக்கு அம்மா செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தூக்குச்சட்டியோடு நிற்பாள். வண்டி நிற்பது ஐந்து நிமிடம். நான் ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் தின்பேன்; அவள் கீழே நின்று களி உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து, ஜன்னல் வழியாக நீட்டுவாள். எட்டாது, குதிகாலைத் தூக்குவாள். நான் தின்னாமல் அவள் தின்னமாட்டாள்.

அன்றைக்குத் திண்டிவனம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். வெயிலில் பசியோடு நிற்பாளே என்று மிதித்தேன். நான் அடித்த ஹாரன் சத்தம் வண்டிக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்தது. கூடையோடு ஏறிய பூக்காரம்மாவின் மல்லி, செஞ்சி வரைக்கும் மொட்டாகவே இருந்தது. செஞ்சிக் கடையில் அதே காலையில் பறித்த மல்லி பூத்து வாடியிருந்தது. வண்டிக்குள் எங்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. உள்ளே இருப்பவனுக்குத் தெரியாதாம். பஸ் ஸ்டாண்டு கடிகாரப்படி நான் ஓட்டியது முக்கால் மணி நேரம். என் கைக்கடிகாரப்படி இருபத்தெட்டு நிமிடம். சாவி கொடுக்க மறந்திருப்பேன் என்றார் கண்டக்டர். அவருக்கு இயற்பியல் போதாது.

"என் வயசுல பதினேழு நிமிஷம் கொறையுது. பதினஞ்ச கழிச்சா, நான் ரெண்டு நிமிஷம் சின்னவன்."

ஷோபனா கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள். "அந்த வேகத்துல முக்கா மணி நேரம் போயிருந்தா, வியாழன் கிரகத்துக்கிட்ட போயிருப்பீங்க பெரியப்பா."

"அங்க ஸ்டாப்பிங் இல்லம்மா."

யாரோ சிரித்தார்கள். பாண்டு சிரிக்கவில்லை.

"அண்ணா, நாலு மாசமா படுக்கையில கெடந்தப்போ பாத்துக்கினது நானு. குளிப்பாட்டினது நானு."

"அதான்டா சொல்றேன். நீ அவள பொழுதுக்கும் பாத்துட்ட. எனக்கு ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம். அதுலயும் வாய் நெறைய களி. பேசக்கூட இல்ல."

பாண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ என்ன அண்ணான்னு கூப்புடு. எல்லாரும் கேக்கணும்."

எழுபத்தோரு வருடம் ஒரே பக்கம் ஓடிய வண்டி. கியர் விழவில்லை. மிதித்து ரிவர்ஸில் போட்டேன்.

"அண்ணா."

மாமா ஏதோ சொல்ல வந்தார். பாண்டு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சட்டியை என் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

ஷோபனா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்தாள்.

"வாங்க சித்தப்பா," என்றாள். "தலைக்கு ஊத்திக்குங்க. அவசரமில்ல."