ஐந்தாவது கொக்கு

"உயரமான வண்டின்னு சொன்னேனா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"கத்தாதே. ஒரு குஷன் போட்டா உயரமாயிடும்."

"குஷனா? நாலு தலையணை அடுக்கி என்னைத் தூக்கி மேல வைங்க. கூரையில தலை இடிக்கட்டும்!"

அடுத்த வீட்டு வாசலில் இந்தச் சத்தம் கேட்டபோது நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் நின்று வெகுநேரமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

கத்தியவர் ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டில் நோயாளிகள் எழுந்து உட்காருவார்களாம். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே கணவர். தெருவில் எங்களுக்கு அவர் கொக்குக்காரர். இருவருக்கும் நடுவே ரிப்பன்கூட அவிழாத வெள்ளைக் கார், மூக்கில் பறக்கும் கொக்குச் சின்னத்தோடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வாங்கிய முதல் கார் கொக்கு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கொக்கு, எல்லாம் வெள்ளை. மூன்றாவது கார் வந்ததே எங்களுக்குத் தெரியாது. பழையதைக் கழுவியிருக்கிறார் என்றுதான் நினைத்தோம். இரண்டாவது கார் கொட்டும் மழையில் நடுரோட்டில் நின்றபோது மழையைத் திட்டினாரே தவிர வண்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவியிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஷோரூம் சுவரில் இவர் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் கல்யாண போட்டோ இருந்த இடத்தில் இப்போது அதன் பிரதி தொங்குகிறது.

ஹெட் நர்ஸுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். தாழ்வான இருக்கையில் உட்காரவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கொக்கில் உட்கார்ந்தாலோ முழங்கால் முகவாயைத் தொடும். உயரமான வண்டி அந்தக் கம்பெனி செய்வதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவர் அதற்குப்பின் கேட்டைத் தாண்டவில்லை. இதற்கிடையில் வெளியூரில் அவருடைய அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார். தங்கச்சியை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று தினமும் போனில் அழுகை. மகள் வாடகைக் கார் கூப்பிட்டாள். வீட்டில் வண்டி இருக்கும்போது வாடகை வண்டியா என்று கொக்குக்காரர் டிரைவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். உயரமான புது வண்டி வாங்கி நானே கூட்டிப்போகிறேன் என்று வாக்கும் கொடுத்தார். எல்லா ஷோரூமும் ஏறி இறங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர்தான் இப்போது ஐந்தாவது கொக்கில் வந்து இறங்கியிருக்கிறார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். நாற்பதை நெருங்கியும் கல்யாணமாகாத மனிதர். பல்லைத் தவிர வேறெதையும் பிடுங்கத் தெரியாத சாது.

"சார், என் வண்டி உயரம்தான். சாவி இந்தாங்க. எடுத்துட்டுப் போய்ட்டு வாங்க."

கொக்குக்காரர் அந்தச் சாவியைச் செத்த எலியைப் போலப் பார்த்தார். "அந்தத் தகர டப்பாவையா? நீங்க பல்லைப் பாருங்க டாக்டர். நான் ஒரே கம்பெனிக்கு விசுவாசமா இருக்கறவன்."

ஹெட் நர்ஸ் சிரித்தார். அதற்கு அவர் கத்தியதே தேவலை.

"விசுவாசமாம் விசுவாசம்! என் தம்பி வண்டியை ஒரு நாள் ஓட்டினீங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க டாக்டர்கிட்ட."

"ஏய், உள்ள போ."

"நான் சொல்றேன் டாக்டர். அந்த வண்டியில இண்டிகேட்டர் குச்சி வேற பக்கம். இவர் திரும்பறப்பல்லாம் வைப்பர் ஆடுது. மண்டையைப் பொளக்கற வெயில்! ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க 'மழை, மழை'ன்னு பின்னாலயே ஓடி வருதுங்க. பாதி வழியில வண்டியை விட்டுட்டு பஸ்ல வந்தார். அன்னிலேருந்து வேற வண்டியைத் தொட்டதில்ல. கை பழகலைன்னு சொல்ல வாய் வரல, விசுவாசம்னு பேர் வச்சுக்கிட்டார். இந்த மனுஷன் கௌரவத்துக்கு எங்க அக்கா என்னைப் பாக்காமலே சாகணுமா?"

தெருவில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கொக்குக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "போனா திரும்பி இந்த வாசலை மிதிக்காதே" என்றார். சொன்னவர் காரில் ஏறி, அதைக் கேட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். ஒல்லியாக ஒரு ஆள் நுழையலாம், வாக்கர் நுழையாது.

"அப்பா, வண்டியை எடுங்கப்பா!" மகள் கண்ணாடியைத் தட்டினாள். அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு உண்டு. அடுத்தவர் வம்பில் தலையிடும் வழக்கம் எனக்கில்லை, கேட்பதோடு சரி. அன்று தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவிட்டேன்.

"வாங்க சிஸ்டர். இந்தப் பக்கம் படியே இல்ல."

ஹெட் நர்ஸ் என் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியாக நடந்து வந்தார். டாக்டர் வண்டியை என் வாசலுக்கே கொண்டுவந்தார். நாற்காலியில் அமர்வதுபோல் ஹெட் நர்ஸ் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார, மகள் கால்களைத் தூக்கி உள்ளே வைத்தாள். கொக்கின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "போலாம் டாக்டர்" என்றார், ஆபரேஷன் தியேட்டரில் சொல்வதுபோல.

அக்காவைப் பார்த்துவிட்டார். அந்த அம்மாள் அதற்குப்பின் சில மாதங்கள் இருந்தார். தங்கை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மருந்து தருகிறவர்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினாராம். அக்கா போன பிறகும் இங்கே திரும்பவில்லை; அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அம்மாவைப் பார்க்க மகள் வாராவாரம் போனாள். வண்டி ஓட்டியது டாக்டர். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை தூரம் போனால் என்ன நடக்குமோ அது நடந்தது. அடுத்த வருஷம் பதிவுத் திருமணம். நான் போயிருந்தேன், பெண்ணைப் பெற்றவர் வரவில்லை. மாப்பிள்ளை அந்த ஊரிலேயே கிளினிக் திறந்துவிட்டார்.

டாக்டர் இருந்த எதிர்வீடு இன்னும் காலிதான். வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களைக் கொக்குக்காரர் வாசலிலேயே மடக்கி, "உங்ககிட்ட என்ன வண்டி இருக்கு?" என்று கேட்கிறாராம். அப்புறம் எவன் குடிவருவான்?