எட்டு எண்ணும் வரை

திருவிழாக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் வந்து வாசலில் நின்றபோது வியாகுலம் பசைக் கையைக் கழுவவில்லை. களத்துப் பாயில் உட்கார்ந்து பலூனின் பதினேழாவது தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அவர் மகள் புஷ்பமேரி தாள் சுருங்காமல் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"உக்காருங்க" என்று மட்டும் சொன்னார். உட்கார எதையும் எடுத்துப் போடவில்லை.

1986 நவம்பர் கடைசி. கடத்தூருக்கு மூன்று கல் தள்ளியிருந்த அந்த ஊர் சவேரியார் கோயிலுக்கு அது இருபத்தைந்தாவது திருவிழா. முதல் திருவிழாவிலிருந்தே தேர் கிளம்புவதற்கு முன்னால் பலூன் விடுவது வியாகுலத்தின் வீட்டார்தான். இரண்டு ஆள் உயரத்துக்கு வண்ணத்தாள் ஒட்டி, அடிவாயில் மூங்கில் வளையம் கட்டி, வளையத்தின் நடுவில் மண்ணெண்ணெயில் ஊறிய துணிப்பந்தைக் கொளுத்துவார்கள். சூடேறிய காற்று நிறைந்ததும், இருட்டில் உள்ளிருந்தே ஒளிவிட்டுக்கொண்டு அது மேலே போகும். அந்த வளையத்தை வேற்று வீட்டுக் கை தொட்டதில்லை.

கமிட்டித் தலைவர் இன்னாசிராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான், வெள்ளி விழா மலர் அட்டையில பலூன் படம் போடறதா முடிவாயிருக்குங்க. தர்மபுரியிலிருந்து போட்டோகாரர் நூர் பாஷா வர்றாரு."

"வரட்டும்."

"உங்ககூட வளையம் புடிக்க என் பையன் வருவான்."

"எதுக்கு? புஷ்பம் இருக்கறா."

இதற்காகத்தான் ஐந்து பேரும் திரண்டு வந்திருந்தார்கள். புஷ்பமேரி வாழப்போனது இன்னாசிராஜின் அண்ணன் மகனிடம். மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டி, மாடி வீடு, எல்லாம் இருந்தது. நாலு வருடம் பொறுத்துவிட்டு, போன மார்ச்சில் ஒரு பட்டப்பகலில், வீங்கிய கன்னமும் ஒரு துணிப்பையுமாக அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லி வந்த பெரியவர்களை வியாகுலம் வாசலோடு அனுப்பிவைத்தார்.

"புருசன விட்டுட்டு வந்தவ கோயில் முன்னால நின்னு வளையம் புடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் இன்னாசிராஜ். "மலர் ஊரூராப் போவும். உங்க வூட்டு மானத்துக்காகத்தான் சொல்றேன்."

வியாகுலம் தாளின் ஓரத்தை விரலால் நீவி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என் வூட்டு மானத்த அவ பஸ்ஸ விட்டு எறங்கறப்பவே கையோட கொண்டாந்துட்டா. உங்க அண்ணன் வூட்டுலதான் அது நாலு வருசம் அடி வாங்கிக்கிட்டுக் கெடந்துச்சு."

"பேச்சு தடிக்குதுங்க, மச்சான்."

"அவ புடிக்கலைன்னா பலூன் இல்ல. நோட்டீசுல ஒளி பலூன்னு அடிச்சிட்டீங்க. பரவால்ல, நீங்க அஞ்சு பேரும் ஆளுக்கொரு மெழுகுவத்திய ஏந்திக்கிட்டு மேல எகிறிக் குதிங்க. சனங்க பாக்கட்டும்."

புஷ்பமேரிக்குச் சிரிப்பு பீறிட்டது. பிடித்திருந்த தாள் சுருங்கிப்போனது. "பதினேழு போச்சு, அப்பா" என்றாள். வந்தவர்கள் அவள் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் தனியாக வந்தார். புஷ்பமேரி வளையம் பிடிக்கலாம், ஆனால் கமிட்டியார் ஐந்து பேரும் படத்தில் சுற்றி நிற்பார்கள் என்றார். வியாகுலத்துக்கு அவர்கள் எண்ணம் புரிந்தது. நிற்க உங்களுக்கும் கால் இருக்கிறது, நில்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

திருவிழா மாலையில் காற்று அடங்கிக் கிடந்தது. நூர் பாஷா மூன்று கால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, கறுப்பு வெள்ளைப் பிலிமைச் சுற்றி, கோயில் முன்னாலிருந்த டியூப்லைட்டுகளை அணைக்கச் சொன்னார்.

"பிளாஷ் போடுங்களேன் பாய், சட்டுனு முடிஞ்சிடும்" என்றார் செயலாளர்.

"பிளாஷ் போட்டா பலூனுக்குள்ள இருக்கற வெளிச்சம் செத்துப்போயிருங்க. வெள்ளை வேட்டி தொங்கற மாதிரி விழும். அதோட வெளிச்சத்துலயே எடுக்கணும். கேமராக் கண்ணைத் தொறந்து வச்சு எட்டு எண்ணுவேன். அதுவரைக்கும் ஆளும் அசையக்கூடாது, பலூனும் அசையக்கூடாது. அசையறவங்க படத்துல நிக்கமாட்டாங்க, கரைஞ்சிடுவாங்க."

"அதெல்லாம் நிப்போம்" என்றார் இன்னாசிராஜ். புது ஜரிகை வேட்டி, தோளில் பட்டுத் துண்டு. புஷ்பமேரிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று நிறுத்திவிட்டு, அவர் தனக்கு வளையத்துக்குப் பின்னால் நடுவில் ஓர் இடம் வைத்துக்கொண்டார்.

வைக்கோல் புகையில் பலூன் உப்பி எழுந்தது. வியாகுலம் துணிப்பந்தைக் கொளுத்தினார். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு ஆள் உயரமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டதுபோல ஒளிர்ந்தது. கூட்டம் "ஓ" என்றது. தகப்பனும் மகளும் எதிரெதிரே நின்று வளையத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்கள். பலூன் மேலே போகத் துடித்தது. மூங்கில் வழியே அந்தத் துடிப்பு வியாகுலத்தின் தோள்பட்டை வரைக்கும் ஏறியது.

"அப்பா, சிரிச்சுக்கிட்டு நிக்கட்டுமா?"

"நிமிந்து நில்லு. போதும்."

"ஒண்ணு" என்றார் நூர் பாஷா.

ஒன்று, இரண்டு. மூன்று எண்ணும்போது இன்னாசிராஜ் நடுவிலிருந்து நகர்ந்தார். தகப்பனும் மகளும் வளையத்தை விட முடியாது, போட்டோகாரரும் கேமராவை விட்டு வரமுடியாது என்று தெரிந்தே நகர்ந்தார். புஷ்பமேரிக்கு முன்னால் போய் நின்று அவளை மறைப்பதுதான் கணக்கு. நான்கு எண்ணும்போது அங்கே போய்ச் சேர்ந்தார். ஐந்தாவது எண்ணுக்குத் துணிப்பந்திலிருந்து எரியும் சொட்டு ஒன்று அவர் துண்டில் விழுந்தது.

"ஐயோ!" என்று துண்டை உதறிக்கொண்டு ஓடினார். மற்ற நாலு பேரும் துண்டைப் பார்ப்பதா, பலூனைப் பார்ப்பதா என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். ஒருவர் உட்கார்ந்தேவிட்டார்.

புஷ்பமேரியின் முழங்கையிலும் ஒரு சொட்டு விழுந்தது. வியாகுலம் அதைப் பார்த்தார். அவர் கை அசையவில்லை, அவள் கையும் அசையவில்லை.

"எட்டு. விடுங்க!"

விட்டார்கள். பலூன் கோயில் சிலுவைக்கு மேலே போய், புளியமரத்துக்கு மேலே போய், நட்சத்திரங்களோடு சேர்ந்தது. வியாகுலம் அண்ணாந்து பார்க்கவில்லை. தோள்துண்டை நனைத்து மகளின் முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் படம் வந்தது. பலூன், தாள் ஒட்டிய வரிகள்கூடத் தெரியும்படி ஒளிவிட்டு நின்றது. வளையத்தின் இரண்டு பக்கமும் வியாகுலமும் புஷ்பமேரியும், செதுக்கி வைத்ததுபோல. கமிட்டியார் நாலு பேருக்கும் வேட்டி இருந்தது, முகம் இல்லை. இன்னாசிராஜ் நின்ற இடத்தில் லேசான புகை மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் புஷ்பமேரியின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"படம் சரியா விழல" என்று கமிட்டி தீர்மானம் போட்டது. மலர் அட்டையில் கோயில் கோபுரம் வந்தது.

நூர் பாஷா சும்மா இருக்கவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்று பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தர்மபுரியில் தன் ஸ்டுடியோக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார். பஸ் ஏற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். செய்தி மாரண்டஹள்ளிக்கும் போனது. படத்தை எடுக்கச் சொல்லி இன்னாசிராஜ் கடைக்கே வந்து குதிப்பதாக நூர் பாஷா கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் வியாகுலம் மகளோடு போய் இறங்கினார்.

இன்னாசிராஜ் ஸ்டுடியோ வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்க வூட்டு மருமக படத்த நடுரோட்டுல வச்சிருக்காங்க, மச்சான். கேக்கறதுக்கு ஆளில்லையா? ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா பொண்ணை அனுப்பி வைங்க, ஊர் வாய அடைப்போம்."

"அடி வாங்கறதுக்கு மருமகளா? போட்டோவுல இருந்தா மட்டும் மானம் போயிடுதா?" வியாகுலம் அவரைத் தாண்டி உள்ளே போனார். "பாய், படத்த எடுக்க வேண்டாம். எங்க தலைமுறைக்கும் இருக்கட்டும். கீழ பேர் மட்டும் இல்லையே. யாரோ எவரோன்னு போறவன் நெனைக்கப்படாது."

"என்னன்னு எழுதட்டுங்க?"

"வியாகுலம் மகள்..."

"என்கிட்ட குடுங்க, பாய்" என்று புஷ்பமேரி பிரஷை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளை அட்டையை மேசையில் வைத்து, நிதானமாக எழுதினாள். இன்னாசிராஜ் கண்ணாடிக்கு வெளியே இருந்து எட்டிப் பார்த்தார். மை காய்வதற்கு முன்பே அவளே அட்டையைக் கொண்டுபோய்ப் படத்துக்கு அடியில் செருகினாள்.

'புஷ்பமேரி. உடன் நிற்பவர் தந்தை வியாகுலம்.'

வியாகுலம் அதை ஒருமுறை படித்தார். தன் பெயர் பின்னால் வந்திருப்பதைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கா" என்று இன்னாசிராஜுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மகளோடு படியிறங்கினார்.