நாற்பது விநாடி

டோரீன் ஆறாவது ரொட்டியைப் பிரித்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். முன்வாசலில் நல்ல மணி இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தப்புச் செய்தவர் மாதிரிக் கொல்லைப் பக்கமாக வந்து நிற்கிற ஆள் ஒருவர்தான். அவள் உடனே திறக்கவில்லை. கையிலிருந்த துண்டின் நான்கு மூலைக்கும் வெண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

ரேமண்ட் மழைக்கோட்டோடு நின்றார். கறுப்பு டை. மார்போடு அணைத்த ஒரு பிளாஸ்டிக் பை. எழுபத்தைந்து வயதில் இந்த மழையில் குடை இல்லாமல் வந்திருக்கிறார்.

"வரலாமா?"

"வந்தாச்சே. காலைத் துடைச்சிட்டு வாங்க."

பதினேழு நாளாக அவள் இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் மணி அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

காரணம் பால். அண்ணன் கிளைவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்ததும் ஜனவரியிலேயே பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் அவளும் வெறும் தேநீருக்கு மாறினாள். பதினோரு வாரம் குளிப்பாட்டினாள், ஸ்பூனால் ஊட்டினாள், பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தூங்கினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ரேமண்ட் வந்து நின்றார். கிளைவோடு முப்பத்தைந்து வருடம் பேசாமல் இருந்த மனிதர். அவருக்குத் தேநீரில் பால் வேண்டும். பால் வாங்க டோரீன் தெருமுனைக் கடைக்குப் போனாள். போக வர பத்தொன்பது நிமிடம். திரும்பி வந்தபோது ரேமண்ட் மாடிப்படியின் மேல் நின்றிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் பால் புட்டியைப் படியிலேயே வைத்துவிட்டாள்.

பதினோரு வாரம் காத்தவளை விட்டுவிட்டு இந்த ஆளிடமா போய் உயிரை விட வேண்டும்?

"நானும் தடவட்டுமா?" என்றார் ரேமண்ட்.

"கையைக் கழுவுங்க முதல்ல. சவ வண்டி பதினொண்ணரைக்கு வந்துடும். ஹாம் அந்தப் பக்கம், முட்டை இந்தப் பக்கம். ரெண்டையும் கலந்துடாதீங்க."

அவர் கழுவினார். நன்றாகவே தடவினார்.

"தகன மண்டபத்துல என்ன பாட்டு போடப் போறீங்க?"

"டெர்பி ஊர்க் கச்சேரி. அவனே எழுதி வச்சிட்டான். அந்த நீளமான பாட்டு. பெட்டிக்கு முன்னால திரை மூடும்போது போடணுமாம்."

"முழுசாவா?"

"ஏழு நிமிஷத்துக்குக் குறையக் கூடாதுன்னு எழுதியிருக்கான். சடங்கு நடத்துற அம்மாவுக்கு அது பிடிக்கல. மூணு நிமிஷம்தான் வழக்கமாம். அவன் வழக்கமான ஆளா என்னன்னு கேட்டேன்."

ரேமண்ட் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாடியில் பின்னறை முழுக்கக் கேசட்தான். ஆயிரத்து முந்நூறு இருக்கும். ராக் கச்சேரிகளில் மேடைக்கு எதிரே, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, கோட்டுக்குள் ரெக்கார்டரை மறைத்து, பொத்தான் துளை வழியே மைக்கை நீட்டித் திருட்டுத்தனமாகப் பிடித்தவை. கிளைவ் பிடித்தது பாதி, அவனைப் போன்ற பைத்தியங்கள் பிடித்து உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ அனுப்பியது மீதி. பகலெல்லாம் கார் தொழிற்சாலையில் வேலை, சாயங்காலமெல்லாம் ஹெட்போன். பேட்டரி தளர்ந்து மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்துக்குக் கொண்டுவருவான். ஒரே எட்டு விநாடியை மூன்று நாள் கேட்பான். ஆனால் ஒன்று. இருமலையோ பக்கத்தில் உட்கார்ந்தவன் பேச்சையோ எடுக்க மாட்டான். கூட்டத்தை எடுத்துவிட்டால் அப்புறம் அங்கே நாம் இருந்ததற்கு என்ன சாட்சி என்பான். ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு தாள் தட்டச்சு செய்து வைப்பான். எந்த ஊர், எந்த வரிசை, எங்கே என்ன குறை. இன்னொருவர் பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டினால் எந்த விநாடி முதல் எந்த விநாடி வரை, யாருடையது என்று தாளில் இருக்க வேண்டும். சொல்லாமல் ஒட்டுகிறவனை அவர்கள் யாரும் மதிப்பதில்லை.

ரேமண்ட் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு சிடி தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டெர்பியில நானும் இருந்தேன். பால்கனியில. அவன் டேப்ல இல்லாத நாப்பது செகண்டு என் டேப்ல இருக்கு. அதைச் சேர்த்துட்டேன். நீங்க சரின்னா போடலாம். வேண்டாம்னா பையிலேயே இருக்கட்டும்."

"அன்னிக்கும் இதைத்தான் கொண்டு வந்தீங்களா?"

"ஆமா. அன்னிக்கு கேசட்டுல."

டோரீன் கத்தியை வைத்தாள்.

"ரேமண்ட், ஒண்ணு கேக்கறேன். நான் கடைக்குப் போனப்ப என்ன நடந்துச்சு? நிம்மதியா போயிட்டான்னு மட்டும் சொல்லாதீங்க. அதைச் சொல்ல ஊர்ல நிறைய பேர் இருக்காங்க."

உண்மைதான். நர்ஸ் ஷெரில் ஐந்து மணிக்குத்தான் வந்தாள். வந்ததும் "நிம்மதியா போயிட்டாரு செல்லம்" என்றாள். சடங்கு நடத்தும் அம்மா எழுதிக்கொண்டு வந்த உரையில் 'குடும்பத்தினர் சூழ' என்று இருந்தது. சூழ்ந்த குடும்பம் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. டோரீன் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டாள்.

ரேமண்ட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நீங்க கதவைச் சாத்தின சத்தம் கேட்டுச்சு. அவன் 'கொண்டு வந்தியா'ன்னான். ஆமான்னேன். அந்தப் பழைய மிஷின்ல போட்டு ஹெட்போனை மாட்டி விட்டேன். காதைச் சுத்தி வெறும் எலும்பா இருந்துச்சு, வலிக்குமோன்னு பஞ்சு வச்சேன். முதல் தடவை கண்ண மூடிக் கேட்டான். முடிஞ்சதும் ஒரே வார்த்தை சொன்னான்."

"என்ன?"

"குளியல் தொட்டி."

"என்னது?"

"என் பதிவை அவன் எப்பவும் அப்படித்தான் சொல்லுவான். குளியல் தொட்டிக்குள்ள உக்காந்து பிடிச்ச மாதிரி இருக்குன்னு. எங்க ஆளுங்க படிக்கிற பத்திரிகையிலேயே எழுதினான் படுபாவி." ரேமண்ட் ஒரு விரலைக் காற்றில் சுற்றினார். "அப்புறம் விரலை இப்படிச் சுத்திக் காட்டினான். இன்னொரு தடவை போடுன்னு. போட்டேன்."

மின் கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"என்னைக் கேட்டானா?"

"இல்ல டோரீன். கேக்கல."

அடி வாங்கியது போலத்தான் இருந்தது. வேறு பதிலை இவ்வளவு எதிர்பார்த்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"கேட்டான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சிட்டு வந்தேன். ஆனா இல்லாததைக் கொண்டு வந்து ஒட்டினா, அவன் டேப்புக்கு நான் பண்ணின மாதிரியே ஆயிடும்."

"சரி. ரெண்டாவது தடவை கேட்டான். அப்புறம்?"

ரேமண்ட் தலையைக் குனிந்துகொண்டார். "அப்புறம் எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் மிஷின்ல சத்தத்தோட அளவு காட்டுற முள்ளைப் பாத்துக்கிட்டிருந்தேன். சத்தம் அதிகமாப் போயிடக் கூடாதுன்னு. அம்பது வருஷப் பழக்கம், கண்ணு தானா அங்கதான் போகுது. பாட்டு முடிஞ்சதும் 'இன்னொரு தடவையா'ன்னு திரும்பினேன். அவன் இல்ல. எப்பப் போனான்னு தெரியாது. முதல் நோட்டுலயா கடைசிலயான்னு தெரியாது. பக்கத்துலயே உக்காந்திருந்தும் நான் பாக்கல டோரீன். அதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன்."

பதினேழு நாளாக இந்த மனிதரிடம் தன் பொருள் ஒன்று இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதைத் தன்னிடம் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்ற கோபத்திலேயே தூங்கி எழுந்தாள். அவரிடமும் இல்லை. யாரிடமும் இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தது பெருமூச்சுதான். எழுந்து தேநீர் போட்டாள். அவர் கோப்பையில் பால் ஊற்றினாள்.

"அவன் டேப்புக்கு என்ன பண்ணினீங்க? எதுக்கு உங்களுக்குள்ள சண்டைன்னு நான் கேட்டா, 'அவன் ஒரு கசாப்புக்காரன்'னு மட்டும் சொல்லுவான்."

"டெர்பி டேப்போட காப்பி ஒண்ணு எனக்குக் குடுத்திருந்தான். அதுல நாப்பத்தஞ்சாவது நிமிஷத்துல, கிடார் உச்சிக்குப் போற நேரத்துல, மைக்குக்குப் பக்கத்துலயே எவனோ ஒரு மடையன் ரெண்டு தடவை படார் படார்னு கை தட்டுவான். உடனே டேப்பும் தீந்து போகும். நல்லது பண்றதா நினைச்சு அந்தக் கைதட்டல் ரெண்டையும் பிளேடால வெட்டி எடுத்து ஒட்டிட்டேன். அவன்கிட்ட சொல்லாமலே நாலஞ்சு பேருக்கு அனுப்பியும் வச்சேன். அது சுத்தி அவன் கைக்கே போயிடுச்சு. நேரா என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். அப்படி ஒரு கோபத்தை நான் அவன்கிட்ட பாத்ததே இல்ல. அது யாரோடதுன்னு தெரியுமா, நீ யாரு அதைத் தூக்கிப் போடன்னு கத்தினான். யாரோடதுன்னு கேட்டா சொல்லல. அதோட பேச்சு நின்னு போச்சு. இத்தனை வருஷமா எங்க ஆளுங்க எல்லாரும் கேக்குறாங்க, யாருடா அந்த மடையன்னு."

டோரீன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் கோப்பையில் கலக்குவதற்கு ஒன்றும் இல்லை.

"நான்தான்," என்றாள்.

"என்ன?"

"அந்த மடையன். எனக்கு அப்ப பத்தொன்பது."

ரெக்கார்டரை உள்ளே கொண்டு போனதே அவள்தான். கோட்டுக்கு அடியில் வயிற்றில் கட்டிக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி நடந்தாள். வாயிற்காவலன் வழிவிட்டு "பாத்துப் போம்மா" என்று வேறு சொன்னான். உட்கார்ந்தபின் கடிகாரத்தைப் பார்ப்பது அவள் வேலை. கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம்தான் ஓடும்; நாற்பத்து நான்காவது நிமிடம் அண்ணனின் முழங்காலை ஒரு விரலால் தொட வேண்டும், அவன் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டும். பேசக் கூடாது, பாடக் கூடாது, கை தட்டவே கூடாது. ஆனால் சால்ட் மார்ஷல்ஸ் குழுவின் அந்த நீளமான பாட்டில் கிடார் ஏறிக்கொண்டே போனது. இரண்டாயிரம் பேர் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள். கடிகாரமும் முழங்காலும் மறந்துபோயின. இரண்டு தட்டு தட்டினாள். 'டக்'கென்று நாடா தீர்ந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இருட்டில் அவன் திருப்பிப் போடுவதற்குள் நாற்பது விநாடி போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கச்சேரிக்கு அவளைக் கூப்பிடவும் இல்லை. அந்தக் கோடையில் அவளுக்குக் கல்யாணமாகி லீட்ஸுக்குப் போய்விட்டாள். அவன் மன்னிக்கவில்லை என்றே ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் பின்னறையில் டெர்பி கேசட்டின் தாளைத் தேடி எடுத்தாள்.

"தாள்ல என்ன எழுதியிருக்கான்னு பாத்தேன்," என்றாள்.

ரேமண்டுக்கு அது மனப்பாடம். "டெர்பி. ஆறாவது வரிசை, இடப்பக்கம். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் நாற்பது விநாடி இல்லை. தவறு, பதிவு செய்தவனுடையது. கைதட்டல்களை எடுக்க வேண்டாம்."

கடைசி வரியைச் சொன்னபோது அவர் குரல் தணிந்துவிட்டது. அந்தத் தாள் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஜப்பானில் ஒருவரிடம் இருக்கிறது, ஜெர்மனியில் நான்கு பேரிடம். டோரீன் முகத்தை அடுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகை இப்போது வந்தது.

ரேமண்ட் அவளைப் பார்க்காமல் மிச்ச ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தத் தகட்டுல கைதட்டல் அப்படியே இருக்கு. தொடல," என்றார்.

"உங்க குளியல் தொட்டி எங்க ஆரம்பிக்குதுன்னு தாள்ல எழுதியாச்சா?"

"உள்ள இருக்கு. கையெழுத்தும் போட்டிருக்கேன்."

"அப்பச் சரி. முட்டையில மிளகுத்தூள் போடுங்க."

தகன மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சொந்தம். மீதிப் பேர் நரைத்த தலைமுடியைப் பின்னால் கட்டிய கிழவர்கள். கறுப்புக் கோட்டுக்கு அடியில் வெளுத்துப்போன கச்சேரிச் சட்டைகள். ஒரு கிழவர் வாசலில் நின்று இருமித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

சடங்கு நடத்தும் அம்மா படிக்க வேண்டியதைப் படித்தாள். 'குடும்பத்தினர் சூழ' வரவில்லை. பிறகு பாட்டு ஆரம்பித்தது, திரை மெல்ல நகர்ந்தது. கிழவர்கள் யாரும் அசையவில்லை. கையை மடியில் வைத்து, காலைத் தரையில் ஊன்றி, மூச்சையும் அடக்கி, ஏதோ ஒரு மைக் இன்னும் பக்கத்தில் இருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு மரியாதை அவர்களுக்குத் தெரியாது.

கிடார் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

படார். படார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் திடுக்கிட்டு, சாவுச் சடங்கில் கை தட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். கோவன்ட்ரியிலிருந்து வந்த அத்தை மகள் முறைத்தாள். கிழவர்கள் திரும்பவில்லை. அது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ரேமண்ட் மட்டும் பக்கத்திலிருந்த டோரீனின் கைகளைப் பார்த்தார். எழுபது வயதுக் கைகள், மடியில், கையுறையைப் பிடித்தபடி சும்மா இருந்தன.

சத்தம் சட்டென்று மெலிந்து தூரமாகப் போய்விட்டது. குளியல் தொட்டிதான், சந்தேகமே இல்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் மூக்கால் சிரித்தது கேட்டது.

டோரீன் கோட்டின் கையை மேலே தள்ளிக் கடிகாரத்தைப் பார்த்தாள். விநாடி முள் ஓடியது. பத்து, இருபது. திரையில் இன்னும் ஓர் அடி இடைவெளி இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பது. முப்பத்தெட்டு.

ஒரு விரலை நீட்டி ரேமண்டின் முழங்காலைத் தொட்டாள்.