பெற்றுக்கொண்டேன்

அப்பாவின் வலது காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். மகள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது காலை எடுத்தாள்.

ஐந்து மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர்! பள்ளி நிர்வாகியின் மகன் கணக்கில் வாங்கிய இருபத்துமூன்று, பதிவேட்டில் அறுபத்துமூன்றாகிவிட்டது. ஏன் என்று கேட்ட அப்பாவின் தலையிலேயே, மார்க்கைத் திருத்தியது அவர்தான் என்று பழியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளை விசாரணை. அதற்குப் போட்டுப்போகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்தான் காலையில் அப்படியே சரிந்து உயிரை விட்டுவிட்டார். பாவிகள், ஒரு நாள் பொறுத்திருந்தால் ஜெயித்திருப்பாரே!

தலைமையாசிரியர் குரலைத் தணித்தார். "சார்கிட்ட ஒரு மார்க் நோட்டு இருந்துச்சேம்மா. அது ஸ்கூலுக்குச் சேர வேண்டியது. குடுத்துட்டா விசாரணையை இதோட மூடிடலாம். அவர் பேருக்கும் கெடுதல் வராது."

விடைத்தாளைக் காட்டி, அந்த நோட்டில் மதிப்பெண்ணுக்கு எதிரே மாணவனிடமே கையெழுத்து வாங்குவது அப்பாவின் வழக்கம். வீட்டிலும் அதே கூத்துதான். கத்தரிக்கோலை எடுத்தால்கூட 'பெற்றுக்கொண்டேன்' என்று சீட்டு எழுதித் தர வேண்டும். "இது வீடா, ஆபீசா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"குடுத்துத் தொலைடி," என்றாள் அம்மா, அப்பாவின் தலைமாட்டிலிருந்து. "இருந்தவரைக்கும் பட்டது போதாதா?"

மகள் எழுந்தாள். நாளைக்கென்று அப்பா தயாராக வைத்திருந்த பையிலிருந்து நோட்டை எடுத்தாள். நாற்பத்தோராம் பக்கம். இருபத்துமூன்று. பக்கத்தில் அந்தப் பையனின் கோணல் கையெழுத்து. இது போனால் மார்க்கைத் திருத்தியது அப்பாதான் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நிதானமாக எழுதினாள். நோட்டின்மேல் வைத்து நீட்டினாள்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

'41-ஆம் பக்கத்தில் நிர்வாகியின் மகன் 23 மதிப்பெண்ணுக்குக் கையெழுத்திட்டுள்ள நோட்டைப் பெற்றுக்கொண்டேன்.'

தலைமையாசிரியருக்கு முகம் வெளிறியது.

"வண்டி வந்துடுச்சு, தூக்கலாமா?" வாசலில் நின்ற ஆசிரியர்களில் ஒருவர் கேட்டார்.

"கொஞ்சம் இருங்க," என்று மகள் உரக்கச் சொன்னாள். "சார் கையெழுத்துப் போடணும்."

வாசலில் இருந்த எல்லாரும் உள்ளே பார்த்தார்கள். தலைமையாசிரியர் சட்டைப்பையைத் தடவினார். "பேனா எடுத்துட்டு வரலையேம்மா…"

அம்மா எழுந்தாள். அப்பாவின் சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றி, அவரிடம் நீட்டினாள்.