சுவர்ப் பக்கம்

"மணிக்கட்டுல மாட்டியிருக்கிற தடி வாரைக் கழட்டுன்னா கழட்டேன், டோரீன்!"

"கழட்டினா தடி கையை விட்டுப் போயிடும், நான்..."

"போகட்டுமே! தடி எங்கயாவது மாட்டிக்கிட்டா உன்னையும் சேர்த்துல்ல இழுக்கும்!"

"கத்தாத."

"கத்துறது நானா, நீயா?"

பாறையில் முதுகை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பாதை நாலடி அகலம். அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. எங்கோ அடியில் கொலராடோ ஆறு. என் கணவன் மெர்லுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுவது கடைக்குப் போய்வருகிற மாதிரி. கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் நான் மேலே உள்ள கம்பி வேலியைத் தாண்டியதில்லை. ஏணியில் ஏறி பல்புகூட மாட்டமாட்டேன்.

இன்று வந்தது ரஸ்ஸுக்காக. எங்களுக்கு ஒரே மகன். போன அக்டோபரில் அடுத்த வளைவிலிருந்து விழுந்து செத்துப்போனான். எதிரே ஏறி வந்த இரண்டு பேருக்கு வெளி ஓரத்தில் ஒதுங்கி வழி விட்டு நின்றானாம். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோமாம். வழி விடுகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று மேலே பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ரஸ் மட்டும் ஏன் வெளி ஓரத்தில் நின்றான்? வருஷம் முழுக்க மெர்லைக் கேட்டேன். "தெரியலை" என்றே சொன்னான். அந்த இடத்தைப் பார்த்தாலாவது புரியாதா என்று கிளம்பிவிட்டேன்.

"கீழ பாக்காத. தடி முனையை மட்டும் பாரு. முதல்ல தடி, அப்புறம் காலு. ஓரத்துல ஊனாத, உள்ள தள்ளி ஊனு."

"ஒண்ணு... ரெண்டு..."

"எண்ணாத, பயம் கூடும். என்னைத் திட்டிக்கிட்டே வா. அதுதான் உனக்கு நல்லா வரும்."

திட்டினேன். குறட்டையை, அவன் அக்காவை, வாசலில் துருப்பிடித்து நிற்கும் லாரியை. திட்டித் திட்டியே வளைவுக்கு வந்துவிட்டேன்.

செம்மண், சரளைக்கல், காய்ந்த கோவேறு கழுதைச் சாணி. இவ்வளவுதான். ஒன்றும் புரியவில்லை. பாறையின் குடைவுக்குள் ஒடுங்கிக்கொண்டேன்.

கீழிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

"வாம்மா, வா, மெதுவா வா. ஏறி வர்றவங்களுக்குத்தான் சுவர்ப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே மெர்ல் இரண்டு எட்டில் வெளி ஓரத்துக்குப் போய் நின்று தொப்பியைத் தொட்டான். குதிகால்கள் பாதி அந்தரத்தில்.

"ரொம்ப நன்றிங்க" என்று அவள் என்னைக் கடந்து போய்விட்டாள்.

மெர்ல் நகரவில்லை. தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறிக்கிடந்தது.

வாரைக் கழற்றித் தடியைப் போட்டுவிட்டு ஓரத்துக்கே போனேன். சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனை உள்ளே இழுத்தேன்.

"ரஸ்ஸுக்கும் இதையா சொல்லிக்கொடுத்தே, மெர்ல்?"