இடுப்பில் கட்டிய கயிறு

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நெஜாத்தி படகுத்துறையில் வந்து நின்றபோதே பெர்ரின் தன் அண்ணன் துன்ஜாயைத் திரும்பிப் பார்த்தாள்.

பாய்மரப் படகுக்கு அப்படிப் பெட்டி கொண்டுவரக் கூடாது. மடித்து எங்காவது திணிக்கிற மாதிரி துணிப்பைதான் வேண்டும். அதை அவனிடம் சொல்ல அவள் மறந்துவிட்டாள். அண்ணன் விடுவானா?

"வாங்க மாப்ளே! பீரோ எங்க, பின்னால லாரியில வருதா?"

துன்ஜாயின் சிரிப்பு கோஜெக் துறை முழுக்கக் கேட்டது. பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நெஜாத்தியும் கூடச் சேர்ந்து சிரித்தான். காது மடல்கள் மட்டும் சிவந்துவிட்டன.

கெகோவா வரை போய்த் திரும்ப ஒரு வாரம். படகில் நான்கே பேர். துன்ஜாய், அவன் மனைவி குல்செரென், தங்கை பெர்ரின், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பள்ளி வாத்தியார் நெஜாத்தி. கேட்பவர்களுக்கு இது கோடை விடுமுறை. படகில் இருந்தவர்களுக்கு இது பரீட்சை.

அப்பா செத்தபோது பெர்ரின் சின்னப் பெண். வளர்த்து, படிக்கவைத்து, பல் டாக்டர் ஆக்கியது துன்ஜாய்தான். நெஜாத்தியின் வீட்டார் எலாசியிலிருந்து பஸ் ஏறி இஸ்மிருக்குப் பெண் கேட்டு வந்தார்கள். வழக்கப்படி மாப்பிள்ளைக்கு உப்புப் போட்ட காபியை அவள் நீட்டினாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான். எல்லோரும் துன்ஜாயின் வாயைப் பார்த்தார்கள். 'கொடுத்தோம்' என்ற ஒரு வார்த்தைதான் பாக்கி.

"என் தங்கச்சியைக் கட்டிக்கப் போறவர் என் படகுல ஒரு வாரம் இருக்கட்டும்," என்றான் துன்ஜாய். "சனிக்கிழமை கரை இறங்கும்போது பதில் சொல்றேன்."

வந்தவர்கள் போனதும் சமையலறையில் தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"ஒரே ஒரு கண்டிஷன் பாப்பா. நடுவுல நீ அவனுக்குப் பரிஞ்சு வாயைத் திறந்த, அந்த நிமிஷமே என் பதில் 'இல்லை'தான். அவனா நிக்கணும்."

அந்த வார்த்தை இல்லாமலும் கல்யாணம் நடக்கும். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணை யாரும் கட்டிப்போட முடியாது. ஆனால் அண்ணன் வந்து நிற்காத ஒரு கல்யாணத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அதனால் சரி என்று தலையாட்டினாள்.

ஏழு முனைகள் என்கிற பாறைக் கரையைச் சுற்றிப் போகும்போது கடல் எப்போதுமே கொஞ்சம் ஆட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் துன்ஜாய்க்கு டீ வேண்டியிருந்தது.

"மாப்ளே, கீழ போய் டீ போட்டுட்டு வா. எனக்கு நல்லா செவசெவன்னு இருக்கணும்."

தரை ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம் போகிற அந்தச் சமையல் பொந்துக்குள் பழக்கமில்லாதவன் ஐந்து நிமிஷம் தாங்க மாட்டான். நெஜாத்தியும் தாங்கவில்லை. கையில் கிடைத்த பாத்திரத்தில் வாந்தி எடுத்தான்.

"ஐயையோ, என் பருப்பு சூப் பாத்திரத்துலயா!" என்று குல்செரென் மேலிருந்தபடி கத்தினாள். "என்னங்க, வாத்தியார் நமக்கு சூப் பண்ணிட்டார்!"

துன்ஜாய் சுக்கானைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். பெர்ரினும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் அதுவே பரிந்து பேசினது போலாகிவிடுமோ என்று பயம். நெஜாத்தி பாத்திரத்தைக் கழுவினான். பிறகு டீ போட்டு, இடுப்பு ஒடுங்கின அந்தச் சின்னக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, தட்டோடு மேலே கொண்டுவந்தான். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"ஆறிப் போச்சே மாப்ளே," என்று துன்ஜாய் அதைக் கடலில் ஊற்றினான்.

நங்கூரச் சங்கிலியின் சேற்றை நெஜாத்தியைக் கையால் வழிக்கவைத்தான். நடு வெயிலில் தளத்தைத் தேய்க்கவைத்தான். தேய்த்த இடத்திலேயே தர்பூசணிக் கொட்டையைத் துப்பினான். நெஜாத்தி எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. "சரி துன்ஜாய் அண்ணா" என்பதோடு சரி. அந்த 'சரி'தான் துன்ஜாயை மேலும் மேலும் கிளப்பியது.

பொறுக்க முடியாமல்தான் பெர்ரின் அந்தக் காரியத்தைச் செய்தாள். செவ்வாய்க்கிழமை, அண்ணன் தனியாக சுக்கானில் இருந்தபோது அருகில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் பரிஞ்சு பேச வரல. ஒண்ணே ஒண்ணு உனக்குத் தெரியணும். தண்ணில மட்டும் அவரை எதுவும் செய்யச் சொல்லாதே. சின்ன வயசுல அவரோட தம்பி கெபான் அணைல மூழ்கிட்டான். இவர் கரையிலதான் நின்னாராம். இறங்கல. நீச்சலே அப்புறம்தான், முப்பது வயசுல, பயத்தோட கத்துக்கிட்டாரு. இது யாருக்கும் தெரியாது."

துன்ஜாயின் முகம் மாறியது. தங்கையின் தோளைச் சுற்றிக் கை போட்டு நெற்றியில் முத்தமிட்டான்.

"அடப் பாவமே. முன்னாடியே சொல்லக் கூடாதா? என்னோட போகட்டும் பாப்பா."

அவள் நம்பினாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காஷ் துறையில் சாப்பாட்டு மேஜை போட்டார்கள். முலாம்பழம், வெள்ளைச் சீஸ், சுட்ட ஆக்டோபஸ், தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுக்கிற ராக்கிச் சாராயம். இரண்டாவது கிளாஸில் துன்ஜாய் நாற்காலியில் சாய்ந்தான்.

"ஏன் மாப்ளே, கெபான் அணைல மீன் ஏகப்பட்டது உண்டாமே?"

நெஜாத்தியின் முள்கரண்டி தட்டில் நின்றது.

"நீ பிடிச்சதில்லையா? ஓ, நீதான் தண்ணில இறங்க மாட்டியே! கரையில நின்னு வேடிக்கை பார்க்கிற ஆளாச்சே!"

குல்செரென்கூடச் சிரிக்கவில்லை. "என்னங்க..." என்று இழுத்தாள்.

நெஜாத்தி துன்ஜாயைப் பார்க்கவில்லை. பெர்ரினைப் பார்த்தான். அவள் தட்டிலிருந்த முலாம்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே வெட்டியிருந்த துண்டுகளையும் மறுபடி வெட்டினாள்.

பிறகு படகின் முன்பக்கம் இருவரும் தனியாக இருந்தபோது அவனே பேச்சை எடுத்தான்.

"நல்லதுக்குன்னுதான் சொல்லியிருப்ப. தெரியும்."

"நெஜாத்தி, நான்..."

"விடு. இன்னும் மூணு நாள்தானே."

அதைவிட அவன் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் கெகோவாவுக்கு முன்னால் ஒரு சின்ன விரிகுடாவுக்குள் படகு நுழைந்தது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. மேலே பைன் மரங்கள், அவற்றுக்கு நடுவே ஆட்டுத்தடம் ஒன்று. வலது பக்கம் தண்ணீருக்கு அடியில் கறுப்பாகப் பாறைத்திட்டு. மெல்தெம் என்கிற கோடைக் காற்று எழும்பிவிட்டிருந்தது. இடதுபக்கமிருந்து அடித்து, படகைத் திட்டின் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி இடத்தில் நங்கூரம் மட்டும் போதாது. படகின் பின்பக்கத்திலிருந்து ஒருவர் கயிற்றோடு நீந்திப்போய்க் கரைப்பாறையில் கட்டவேண்டும். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அது பெர்ரினின் வேலை. அவள் மேல்சட்டையைக் கழற்றப் போனாள்.

"நீ உக்காரு," என்றான் துன்ஜாய். கயிற்று நுனியை எடுத்து நெஜாத்தியின் காலடியில் போட்டான். "இன்னைக்கு மாப்பிள்ளை போவார்."

"அண்ணா!"

துன்ஜாய் மெதுவாகத் திரும்பினான். ஒற்றை விரலை உதட்டில் வைத்தான். "என்ன பாப்பா? ஏதாவது சொல்லணுமா? சொல்லேன். சொல்லிடு."

அவள் உட்கார்ந்தாள்.

நெஜாத்தி கரையைப் பார்த்தான். அதிக தூரமில்லை, அவளுக்கு நாலு மூச்சு. அவனுக்கு அது என்னவென்று அவன் படகின் கம்பியை விடாமல் பிடித்திருந்ததில் தெரிந்தது. குனிந்து கயிற்றை எடுத்தான். நீந்த இரண்டு கையும் வேண்டுமே என்று நினைத்திருப்பான். கயிற்று நுனியை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

பெர்ரின் பாதி எழுந்துவிட்டாள்.

இந்தக் கரையில் நடக்கப் பழகின குழந்தைக்குக்கூடத் தெரியும். கயிற்றைக் கையில்தான் பிடிக்க வேண்டும், வேண்டாதபோது விட்டுவிட. உடம்பில் கட்டவே கூடாது. மறுமுனையில் ஒன்பது டன் படகு. காற்று அதைத் தள்ளினால் கட்டியவனையும் இழுத்துக்கொண்டுதான் போகும். எலாசி மலையில் பிறந்த வரலாற்று வாத்தியாருக்கு இது எப்படித் தெரியும்?

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணனும் அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒரு வார்த்தை போதும். 'கட்டாதே.' அதுவும் பரிந்து பேசினதாகத்தானே ஆகும்? நாளை மறுநாள் சனிக்கிழமை. வாய்வரை வந்த வார்த்தையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

நெஜாத்தி குதித்தான்.

நாய் நீந்துவது போல், தலையை விறைப்பாகத் தூக்கிக்கொண்டு போனான். துன்ஜாய் சுருளிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான். குல்செரென் சுக்கானில் நின்று, "காத்து தள்ளுதுங்க, சீக்கிரம்," என்றாள்.

பாதித் தூரம். அங்கேதான் துன்ஜாய் கயிற்றின் மேல் காலை வைத்தான்.

கயிறு விறைத்தது. நெஜாத்தி பின்னால் சுண்டி இழுக்கப்பட்டான். தலை உள்ளே போயிற்று. ஒரு கை மட்டும் வெளியே வந்து காற்றைப் பிடித்தது. மறுபடி உள்ளே.

"சும்மா ஒரு விளையாட்டு," என்றான் துன்ஜாய்.

தலை மேலே வந்தது. இருமிக்கொண்டே படகைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் துன்ஜாய் காலை எடுத்தான்.

ஆனால் காற்று விளையாடவில்லை. படகின் பின்பக்கம் வெடுக்கென்று திட்டை நோக்கித் திரும்பியது. குல்செரென் அலறினாள். துன்ஜாயின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"மாப்ளே! ஓடு! ஓடிப்போய்க் கட்டு! படகு போயிடும்டா!"

நெஜாத்தி எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று யாருக்கும் தெரியாது. பாறையில் முட்டியும் முழங்கையும் கிழிய ஏறினான். நனைந்த முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். கடைசி நேரத்தில் பாறை முனையில் கயிற்றைச் சுற்றிப் போட்டு, கால்களை ஊன்றி மல்லாந்து சாய்ந்தான். படகு முனகிக்கொண்டு நின்றது. திட்டு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் இன்னும் சில சுற்றுகள் சுற்றிக் கட்டினான்.



பிறகு துன்ஜாய் கையைத் தட்டிக் கத்தினான். "சபாஷ் மாப்ளே! சனிக்கிழமை எதுக்கு? இப்பவே சொல்றேன். கொடுத்தோம்! கேட்டியா? கொடுத்தோம்!"

குல்செரென் ஓடிவந்து பெர்ரினைக் கட்டிக்கொண்டாள். பெர்ரினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்படியே தண்ணீரில் குதித்தாள்.

அவன் பாறையில் உட்கார்ந்திருந்தான். இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து, சிவப்பாக, வார் கட்டின மாதிரி ஒரு கோடு.

"நெஜாத்தி! அண்ணன் சொல்லிட்டான்! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." மூச்சு வாங்கினான். "பெர்ரின், கயித்தை இடுப்புல கட்டக் கூடாதா?"

அவள் திகைத்தாள். "அது... கையில பிடிக்கிறதுதான் வழக்கம்."

"நான் கட்டினதை நீ பார்த்தியா?"

காற்று அவள் ஈரக் கூந்தலை முகத்தில் அடித்தது. ஒரே ஒரு பொய்தான். எல்லாம்தான் கிடைத்துவிட்டதே.

"இல்லையே. நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்."

நெஜாத்தி தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"தண்ணிக்குள்ள இருந்து திரும்பிப் பார்த்தேன். உங்க அண்ணன் கால் கயித்து மேல இருந்தது. நீ வாயைப் பொத்திக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்த."

எழுந்தான். ஆட்டுத்தடத்தில் காலை வைத்தான்.

"எங்க போற? செருப்புகூட இல்ல! நெஜாத்தி, உன் பெட்டி, உன் போன்..."

"உங்க அண்ணனையே வெச்சுக்கச் சொல்லு."

முட்செடிகளுக்கு நடுவே நொண்டி நொண்டி ஏறினான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பைன் மரங்களுக்குள் அவன் முதுகு மறைகிறவரை பெர்ரின் நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் போகவேண்டும் என்று தோன்றியது. போகவில்லை.

படகிலிருந்து துன்ஜாய் இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"பாப்பா! மாப்ளே எங்க கிளம்பிட்டாரு? ஒண்ணுக்கா?" குல்செரென் சிரிப்பது கேட்டது. "சரி சரி, வரட்டும். நீ அந்தக் கட்டைப் பாரு. இன்னைக்கு இங்கதான் தங்கப் போறோம். நிக்குமா?"

அவள் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். கயிறு முறுக்கேறிக் கல்லாகியிருந்தது. இழுத்தாள். அசையவில்லை.

"நிக்கும் அண்ணா," என்றாள்.