புறங்காட்டிய தகடு

அன்று தொண்டியில், சூஃபியாவின் பெயிண்ட் பட்டறையில் நான்கு பேர். பெயிண்டைச் சூட்டில் காயவைக்கும் அகச்சிவப்பு விளக்குகளின் சுவிட்சுக்குப் பக்கத்தில், முக்காலியில் சூஃபியா. வாசற்படியில் அவள் கணவன் அசாருதீன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் பெயிண்டர் வேல்சாமி. உப்புக்காற்றுக்குப் பயந்து அடைத்த சன்னலோரம், சாக்குமூடைமேல் அமுதவள்ளி. அடுத்த கொட்டகையில் கருவாடு காயப்போடுகிறவள். வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

படகு எஞ்சினுக்கு மூடி செய்யும் தூத்துக்குடி கம்பெனிக்கு மாதிரித் தகடு ஒன்று போக வேண்டும். அது தேறினால் வருசம் முழுக்க வேலை; அசாருதீன் வெள்ளிக்கிழமை துபாய்க்கு விமானம் ஏற வேண்டியதில்லை. ஆனால் இரண்டு தகடுகள் ஏற்கெனவே அப்பளமாய்ப் பொரிந்துவிட்டன. விளக்குச் சூட்டில் பெயிண்டின் மேற்பரப்பு முந்திக் காய, பெயிண்டை இளக்கக் கலந்த தின்னர் உள்ளே மாட்டி, கொப்புளித்து வெளியேறியது. மிச்சம் ஒரே தகடு.

வேல்சாமி பெயிண்ட் அடித்து, தகட்டைக் கொக்கியில் தொங்கவிட்டார். சூஃபியா சுவிட்சைப் போட்டுவிட்டு, நேரத்தை நோட்டில் குறித்து நிமிர்ந்தாள். தகடு பெயிண்ட் அடிக்காத முதுகை விளக்குக்குக் காட்டிக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் அமுதவள்ளி.

“ஏ அமுதவள்ளி, என்ன செஞ்ச?” வேல்சாமி பதறி எழுந்தார்.

“திருப்பிவிட்டேன். ஈரப் பக்கத்த எடுத்த எடுப்புல சூட்டுக்குக் காட்டுவாகளா?”

“இதென்ன நெத்திலியா?”

“சரிதான், நான் பெட்டியக் கட்டுறேன்” என்றான் அசாருதீன்.

சூஃபியாவின் கை சுவிட்சுவரை போய் நின்றது. முதுகில் அடிக்கும் சூட்டில் இரும்புதானே முதலில் சூடேறும்? அப்படியானால் பெயிண்ட் அடியிலிருந்து காய்ந்து வரும். தின்னருக்கு மேலே வழி திறந்தே இருக்கும்.

“யாரும் தொடாதீக” என்றாள்.

பதினைந்து நிமிடம். விளக்கை அணைத்து, ஆறவிட்டுத் திருப்பினார்கள். ஒரு கொப்புளம் இல்லை. பெயிண்டின் பிடிப்பைச் சோதிக்க, மூலையில் பிளேடால் கட்டம்கட்டமாய்க் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தாள் சூஃபியா. துளி பெயிண்டும் ஒட்டாமல் டேப் வெறுமையாக வந்தது.

“அடி ஆத்தி, எம் மீச நரச்சதுகூடத் தெரியுது!” என்றார் வேல்சாமி, தகட்டின் பளபளப்பில் முகம் பார்த்து.

சூஃபியா உடனே கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் என்ன செய்தார்கள், எத்தனை நிமிடம்.

“கருவாட்டுக்காரி திருப்புனான்னா எழுதுற? சிரிக்கப் போறாக” என்றான் அசாருதீன்.

“நடந்ததத்தான் எழுதணும் மச்சான். நாளைக்கு அம்புட்டு மூடியையும் இப்படித்தான காயவைக்கணும்?”

“மூடைன்னு எழுதாத புள்ள, நாற்காலின்னு போடு” என்றாள் அமுதவள்ளி.

சூஃபியா மூடை என்றே எழுதினாள்.

தபால் நிலையத்துக்கு அசாருதீனே வண்டி ஓட்டினான். வாசலில் நின்று, போனில் டிக்கெட்டை ரத்துசெய்யச் சொன்னான்.

“பதில் வரட்டுமே மச்சான்.”

“தகட்டப் பார்த்துட்டேன்ல.”

சூஃபியா சிரித்துக்கொண்டே உறையின் வாயில் பசை தடவி அழுத்தினாள். தகட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கவுண்டருக்குள் நீட்டினாள். முத்திரை ‘டக்’கென்று விழுந்தது.